பயந்து பார்க்கலாம், வாங்க!

உங்களுக்குப் பேய் என்றால் பயமா?

"எனக்கா? பயமா? சான்ஸே இல்லை!" என்று மார் தட்டுகிறீர்கள், அப்படித்தானே? சரி, ராத்திரி திடீரென்று கரண்ட் போனால் முதல் ஆளாக "அம்மா...!" என்று கத்துவது யாராம்?

என் அக்கா மகனும் உங்களை மாதிரிதான். பெங்களூருவில் இருக்கிறான். 2024 தீபாவளிக்கு அக்கா குடும்பம் எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. என் மகளுக்கு எட்டு. இரண்டும் சேர்ந்தால் வீடு இரண்டுபடும்!

அந்த வருடம் ஒரு வேடிக்கை. தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி வந்தது. அதே நாளில்தான் மேல்நாடுகளில் 'ஹாலோவீன்' என்ற பேய்த் திருவிழா. அதனால் வந்து இறங்கியதும் இறங்காததுமாக அவன் பீற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, போன சண்டே நாங்க தீம் பார்க் போனோமே! ஹாலோவீன் ஸ்பெஷல்! வாசல்ல பெரிய பெரிய பூசணிக்கா. கண்ணு, மூக்கு, பல்லு எல்லாம் வெச்சு உள்ளே லைட்டு எரியும். எலும்புக்கூடு வேஷம் போட்ட ஒருத்தர் எனக்குக் கை குடுத்தார். பேய் வீட்டுக்குள்ளேயும் போனேன். பயப்படவே இல்லையே!"

"கண்ணை மூடிக்கிட்டுதானே போனே?" என்றார் அக்காவின் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

என் மகள் விடவில்லை. "அப்பா, நம்ம ஊர்ல பேய் வீடே இல்லையா?" என்று கேட்டாள். தீபாவளி முடிந்த சனிக்கிழமை எல்லோருமாகக் கல்வராயன் மலைக்குப் போவது என்று அப்போதுதான் முடிவானது. "மலையில என்ன மாமா இருக்கு? ரைடு இருக்கா?" என்று உதட்டைப் பிதுக்கினான் பெங்களூர்ப் பையன்.

"இருக்கு. வந்து பார்!" என்றேன்.

* * *

பூசணிக்குள் என்ன பூதம்?

கிளம்புவதற்கு முன் இந்த ஹாலோவீன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாமா?

அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கங்களில் ரொம்பக் காலத்துக்கு முன் கெல்ட் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். அங்கே அக்டோபர் முடிந்ததும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும். பகல் குறையும்; இருட்டு நீளும். அந்த இடைப்பட்ட இரவில் இறந்தவர்களின் ஆவிகள் ஊருக்குள் வரும் என்று அவர்கள் நம்பினார்கள். ஆவிகளை ஏமாற்ற, தாங்களும் ஆவி மாதிரியே வேடம் போட்டுக்கொள்ளும் வழக்கம் அந்தப் பக்கங்களில் இருந்தது. பிற்காலத்தில் நவம்பர் 1 கிறிஸ்தவர்களின் 'எல்லாப் புனிதர்கள் தினம்' ஆனது. அதற்கு முந்தைய இரவு ஹாலோவீன்.

அங்கே முதலில் விளக்கு செய்தது பூசணியில் இல்லை. டர்னிப் என்ற கிழங்கைக் குடைந்துதான்! 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து மக்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவில் குடியேறினார்கள். அங்கே பார்த்தால், கிழங்கைவிடப் பெரிதாக, குடைவதற்குச் சுலபமாக ஒரு காய்! அதுதான் ஆரஞ்சு நிறப் பரங்கிக்காய். கிழங்கு போய், பரங்கி வந்தது.

பரங்கிக்காயின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். அங்கிருந்து ஐரோப்பியர் கப்பலில் வந்த காய் என்பதால்தான் நம் ஊரில் 'பரங்கி'க்காய் என்று பெயர் வந்தது என்பார்கள். நம்முடைய பழைய ஆள் வெண்பூசணி. ஆயுத பூஜைக்குக் குங்குமம் தடவி, திருஷ்டி சுற்றி உடைக்கிறோமே, அதேதான். ஆயுத பூஜையும் பெரும்பாலும் அக்டோபரில்தான் வருகிறது. அங்கேயும் அக்டோபரில் பூசணி. இங்கேயும் அக்டோபரில் பூசணி! அவர்கள் குடைகிறார்கள். நாம் உடைக்கிறோம். (உடைத்த துண்டுகளை நடுரோட்டில் விடாதீர்கள். டூவீலரில் வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள்!)

வேடம் போடுவதிலும் நாம் குறைந்தவர்கள் இல்லை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி, ராஜா, குரங்கு, கரடி, போலீஸ் என்று விதவிதமாக வேடம் கட்டி, வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். எங்கள் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் இருக்கிறது. மாசி மாதம் அங்கே நடக்கும் மயானக் கொள்ளையில் காளி வேடத்தில் வருகிறவர்களைப் பார்த்தால், பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஓடி ஒளிந்துகொள்ளும்! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே அது வேண்டுதல், விளையாட்டு இல்லை.

* * *

பயத்துக்கு டிக்கெட்!

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கார் கிளம்பியது. ஆயா கட்டிக் கொடுத்த புளிசோறு, தீபாவளி முறுக்கு, அதிரசம் எல்லாம் டிக்கியில். கச்சிராயபாளையம் போகும் சாலையில் இரண்டு பக்கமும் கரும்பும் மரவள்ளியும் பச்சைப் பசேலென்று நின்றன.

"மாமா, பேய் வீட்ல நெஜமாவே பேய் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் பயம் வருது?" என்று கேட்டான் பையன். தன் வாயாலேயே உண்மையை ஒப்புக்கொண்டான், பார்த்தீர்களா!

நல்ல கேள்வி. நம் மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. பெயர் அமிக்டலா. அதுதான் நம் வாட்ச்மேன். திடீர் சத்தம், இருட்டில் அசையும் உருவம் என்று எதைப் பார்த்தாலும் 'ஆபத்து!' என்று மணி அடித்துவிடும். 'இது நிஜமா, பொம்மையா?' என்று மூளையின் மற்ற பகுதிகள் யோசித்து முடிப்பதற்குள், அட்ரினலின் என்ற ரசாயனம் ரத்தத்தில் கலந்துவிடும். இதயம் படபடக்கும். கை வியர்க்கும். ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிவிடும். அடுத்த நொடியே 'அட, பொம்மைதான்!' என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வருகிறதே, அதற்குத்தான் டிக்கெட் வாங்குகிறோம்!

ரோலர் கோஸ்டரும் இப்படித்தான். பெரும்பாலான ரோலர் கோஸ்டர் பெட்டிகளில் என்ஜினே கிடையாது. ஒரு சங்கிலி அதை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். பிறகு எல்லாம் புவியீர்ப்பின் வேலை. சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு போய், பெடல் மிதிக்காமல் இறக்கத்தில் வருகிறோமே, அதே கதை.

தலைகீழாகப் போகும்போது ஏன் கழன்று விழுவதில்லை? தண்டவாளத்தின் மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு மேல் நம்மை இறுக்கிப் பிடிக்கும் தடுப்பு, தானாக வேலை செய்யும் பிரேக், திறப்பதற்கு முன் ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் சோதனை... பயம் காட்டுவதற்கு முன், ஆபத்து வராமல் இருக்க எத்தனை ஏற்பாடு பாருங்கள்!

அமெரிக்காவின் கோனி தீவில் 1884-ல் லாமார்கஸ் தாம்சன் என்பவர் அமைத்த ரயில்தான் இன்றைய ரோலர் கோஸ்டர்களுக்கு முன்னோடி. கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்குள். நம் சைக்கிளே முந்திவிடும்! 1955-ல் டிஸ்னிலாண்ட் வந்தது. கலிபோர்னியாவில் உள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973-ல் தன் பூங்காவையே ஹாலோவீன் இரவுகளில் பேய்ப் பூங்காவாக மாற்றியது. அதைப் பார்த்து மற்ற பூங்காக்களும் தொடர்ந்தன. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவில் 2011-ல் இது தொடங்கியது. நம் பக்கம் தாம்பரம் அருகே 1995-ல் கிஷ்கிந்தா திறந்தபோது பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த அப்பா அம்மாக்கள் நிறைய பேர். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

* * *

கொண்டை ஊசி ரைடு

கோமுகி அணை வந்தது. முழுக் கொள்ளளவில் 46 அடி தண்ணீர் நிற்கும் அணை. அணைக்குப் பின்னால் நீல நிறத்தில் மலை. பிள்ளைகள் இருவரும் தண்ணீரைப் பார்த்ததும் ஒரு குதி குதித்தார்கள். அங்கேயே முறுக்கு டப்பா பாதி காலி!

அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே அக்கா கணவர் மெதுவாக ஓட்டினார்.

"அப்பா, ஸ்பீடா போங்கப்பா! ரோலர் கோஸ்டர் மாதிரி!"

"டேய், அதுல பிரேக்கை கம்ப்யூட்டர் போடும். இதுல நான்தான்டா போடணும்" என்றார் அவர். காரில் ஒரே சிரிப்பு. ஆனால் அவர் சிரிக்கவில்லை. கண்ணைச் சாலையிலேயே வைத்திருந்தார்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேர்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை, பச்சைமலை எல்லாம் இதன் அண்ணன் தம்பிகள். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, மலையின் இந்தப் பக்கம் எங்களுக்கு வந்தது. அந்தப் பக்கம் சேலம் மாவட்டம்.

காலை பத்து மணி. பெரியார் நீர்வீழ்ச்சிக்கு வந்து சேர்ந்தோம். வானத்தில் பளிச்சென்று வெயில். பையன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தயாராகிவிட்டான். தண்ணீருக்கு நடுவே ஒரு தட்டையான பாறை. "மாமா, நான் அது மேல நின்னு போட்டோ எடுத்துக்கறேன்!"

"தம்பி, நில்லு!"

குரல் கொடுத்தவர் அங்கே காவலுக்கு நின்றவர். அந்த மலைக்காரர். காக்கிச் சட்டை, கையில் ஒரு குச்சி. "இன்னைக்கு யாரும் எறங்கக் கூடாது" என்றார்.

பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. "மழையே இல்லையே அங்கிள்! வெயில்தானே அடிக்குது?"

அவர் கோபப்படவில்லை. அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, குச்சியால் காட்டினார்.

"இங்க வெயில் அடிக்குது கண்ணு. மேல பேயுதே! தண்ணி என்ன நெறம், பாரு?"

"டீ மாதிரி இருக்கு."

"காலையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அதுல என்ன மெதக்குது?"

"இலை... குச்சி..."

"சத்தத்தைக் கேளு. நீ வந்தப்ப இருந்த சத்தமா இது?"

இல்லை! வந்தபோது சலசலவென்று இருந்தது, இப்போது 'ஹோ'வென்று ஏதோ லாரி வருகிற மாதிரி கேட்டது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்துக்குள், பையன் நிற்க ஆசைப்பட்ட அந்தத் தட்டைப் பாறையைக் காணோம். தண்ணீர் அதன் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

என் கையை ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்தது. பார்த்தால் பையன்.

"மாமா... இது நெஜ பயம்" என்றான் மெல்ல.

காவல்காரர் சிரித்தார். "பயப்படணும் கண்ணு. பயப்படாதவன் மலையில பொழைக்க முடியாது."

* * *

இரண்டு பயம்

அருவியின் ரகசியம் இதுதான், குட்டீஸ். நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்கிறதா என்பது கணக்கில்லை. மேலே, கண்ணுக்குத் தெரியாத மலைச்சரிவுகளில் பெய்யும் மழை எல்லாம் ஓடைகளாகச் சேர்ந்து ஒரே வழியில்தான் இறங்கும். மலைச்சரிவில் தண்ணீர் வேகமாக வரும். முழங்கால் அளவு வெள்ளமே பெரிய ஆளைச் சாய்த்துவிடும். அதனால்தான் நீர்வரத்து கூடும்போது வனத்துறையினர் குளிக்கத் தடை போடுகிறார்கள்.

தீம் பார்க்கில் பயம் இருக்கிறது. ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள ஆட்களும் எந்திரங்களும் இருக்கின்றன. இங்கே ஆபத்து இருந்தது. பையனுக்குப் பயம்தான் வரவில்லை! பேய் வீட்டில் கத்தின அதே பையன், பெருகி வரும் தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டே இறங்கப் பார்த்தான். மூளைக்குள் இருக்கும் வாட்ச்மேனுக்கு எலும்புக்கூட்டைத் தெரியும். கலங்கிய தண்ணீரைத் தெரியாது. அதை நாம்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

* * *

பேய்க்குப் பயப்படாத பெண்

மத்தியானம் கரியாலூர் போனோம். புளிசோறு சாப்பிட்டோம். அங்கே டீக்கடை வாசலில் ஒரு சிறுமி தன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கிராமம். நான்காம் வகுப்பு. என் மகள் ஒரு அதிரசத்தை நீட்டினாள். அவ்வளவுதான், இரண்டு நிமிடத்தில் மூன்று பேரும் கூட்டாளிகள்!

"உனக்குப் பேய்னா பயமா?" பையனின் முதல் கேள்வியே இதுதான்.

"இல்லியே. ராத்திரி எங்க ஊர்ல எப்பவும் இருட்டுதான்" என்றாள் அவள், அதிரசத்தைக் கடித்துக்கொண்டே.

"அப்ப எதுக்குப் பயம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மழை பேஞ்சா ஓடையில தண்ணி வந்துரும். தாண்ட முடியாது. பள்ளிக்கூடம் போக முடியாது. பரிச்சை அன்னைக்கு வந்துருமோன்னு பயம்."

பையன் ஒன்றும் பேசவில்லை. நானும்தான்.

கல்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ்தான். சாமை, தினை விளைவிப்பதில் கெட்டிக்காரர்கள். கடுக்காயும் தேனும் இந்த மலையின் சொத்து. நாடு 1947-ல் விடுதலை பெற்ற பிறகும் இந்த மலை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. சாலையும் பள்ளிக்கூடமும் இங்கே தாமதமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம். திரும்பும் வழியில் 'ரைடு' பற்றி யாரும் பேசவில்லை. "அந்த ஓடைக்கு மேல ஒரு பாலம் கட்டினா எவ்வளவு மாமா ஆகும்?" என்று மட்டும் பையன் கேட்டான்.

* * *

ஆயா செய்த வேலை!

ராத்திரி எங்கள் வீட்டுப் பின்னறையில் பேய் வீடு தயார்! இரண்டு பெட்ஷீட், ஒரு டார்ச், மூடியில் பட்டாணி போட்டு ஆட்டும் டப்பா, ஈரத் துணி (தொட்டால் பேயின் கை!). வாசலில் பென்சிலால் எழுதி ஒட்டிய சட்டங்கள்:

1. யாரையும் பிடித்துத் தள்ளக் கூடாது.

2. மெழுகுவத்தி கூடாது. டார்ச் மட்டும்.

3. 'போதும்' என்று யார் சொன்னாலும் உடனே லைட்டைப் போட வேண்டும்.

4. அழுதவரைக் கிண்டல் செய்யக் கூடாது.

எந்தத் தீம் பார்க்கிலும் இதைவிட நல்ல சட்டம் இருக்குமா, சொல்லுங்கள்!

முதல் டிக்கெட் ஆயாவுக்கு. உள்ளே போனார். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... சத்தமே இல்லை. "ஆயா?" என்று இருவரும் மெல்லத் திரையை விலக்கிப் பார்த்தார்கள். தலைமுடியை அவிழ்த்து விட்டு, முகத்துக்குக் கீழே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "வாங்கடி கண்ணுங்களா..." என்று ஆயா நின்றார், பாருங்கள்!

அலறல் தெருக்கோடி வரை கேட்டது. அப்புறம் அரை மணி நேரம் சிரிப்பு!

அதோடு கதை முடியவில்லை. சரியாக நான்கு வாரம் கழித்து, நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது மழை. பெங்களூருவிலிருந்து போன் வந்தது.

"மாமா, அங்க பயங்கர மழையாமே?"

"ஆமாண்டா. நாங்க பத்திரமா இருக்கோம். பயப்படாதே."

"அது இல்ல மாமா..." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அந்தப் பொண்ணு ஓடைகிட்ட போயிருக்க மாட்டால்ல?"

"மாட்டா. அவளுக்குத்தான் பயப்படத் தெரியுமே" என்றேன்.

* * *

அருவிக்குப் போகிறீர்களா? ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

* தண்ணீர் நிறம் மாறினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் கூடினால் உடனே கரைக்கு ஓடி வந்துவிடுங்கள். கரையோரம் நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பு போனால் போகட்டும்!

* பாறையில் பாசி இருக்கும். செல்போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள்.

* 'குளிக்கத் தடை' என்று சொன்னால் அடம் பிடிக்காதீர்கள். பெரியவர்கள் அடம் பிடித்தால், நீங்கள் அவர்களைத் தடுங்கள்!

* முறுக்கு கவர், தண்ணீர் பாட்டிலை மலையில் போடாமல் வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். எதற்குப் பயப்பட வேண்டும் என்று திருவள்ளுவரும் நமக்குச் சொல்லியிருக்கிறார். 'அறிவுடைமை' அதிகாரத்தில் 428-ஆவது குறளைத் தேடிப் படியுங்கள். அர்த்தம் புரியாவிட்டால் உங்கள் ஆயாவைக் கேளுங்கள். டார்ச்சை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்!